வீட்டையும் தாங்கி, ஊழியமும் செய்ய: சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பணக் கணக்கு

ஊழிய அழைப்பு வசதியுள்ளவர்களுக்கு மட்டும் வருவதில்லை. துவாஸ் விடுதியில் தங்கிக் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்பவருக்கும் வருகிறது. வயதான தாயோடு ஈரறை வாடகை வீட்டில் குடியிருக்கும் பாதுகாவல் அதிகாரிக்கும் வருகிறது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் வருகிறது. இவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: வீட்டைக் கைவிடாமல் எப்படி ஊழியம் செய்வது? கிடைக்கும் பதில்களும் பெரும்பாலும் இரண்டுதான். ஒருவர் “கர்த்தர் பார்த்துக்கொள்வார், வேலையை விட்டுவிடுங்கள்” என்பார். இன்னொருவர் “முதலில் குடும்பக் கடமையை முடியுங்கள், ஊழியம் எங்கே போய்விடப் போகிறது” என்பார். மாதம் பிறந்ததும் வாடகைக்கும் மருந்துக்கும் என்ன செய்வது என்பதை இரண்டு பதிலும் சொல்வதில்லை.

குறைந்த வருமானத்தில் கண்ணியமாக ஊழியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊழியக் குடும்பங்களை உடைப்பது பெரும்பாலும் வருமானம் குறைவாக இருப்பதல்ல, வரையறை இல்லாமல் இருப்பதுதான். எவ்வளவு வரும், எந்தத் தேதியில் வரும், யார் தருவார்கள், எந்தப் பெயரில் தருவார்கள் என்பது தெரியாமல் ஒரு வீட்டை நடத்த முடியாது. தொகையை எழுதிவைப்பது விசுவாசக் குறைவு என்ற எண்ணம் நம் சபைகளில் ஆழமாக இருப்பதால், அது எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

சம்பளம் வாங்காத ஊழியம்: பாதி மட்டும் வந்து சேர்ந்த மரபு

இங்கிலாந்தில் ஜார்ஜ் முல்லர் 1830-இல் தம் சபைச் சம்பளத்தை விட்டுவிட்டு, கேட்காமல் வரும் காணிக்கையில் வாழத் தொடங்கினார். ஹட்சன் டெய்லர் 1865-இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷனும் நிலையான சம்பளத்துக்கு உத்தரவாதம் தரவில்லை. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் நடத்திய பணியும் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற உறுதியில் நின்றது. நம் ஊர்களில் ‘விசுவாச ஊழியம்’ என்று சொல்லப்படுவதன் வேர் இதுதான்.

ஆனால் இந்த மரபில் வேறு இரண்டு விதிகளும் உண்டு. கடன் வாங்கக் கூடாது என்பது ஒன்று. வந்த பணத்துக்கும் செலவுக்கும் வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. முல்லர் ஆண்டுதோறும் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். நம்மிடம் வந்து சேர்ந்தது ‘சம்பளம் இல்லை’ என்ற பகுதி மட்டும். கடன் வாங்காமை, கணக்குக் காட்டுதல் ஆகிய இரண்டும் வழியிலேயே விடுபட்டுவிட்டன. சம்பளமும் இல்லாமல், கடனுக்குத் தடையும் இல்லாமல், கணக்கும் இல்லாமல் செய்யும் ஊழியம் அந்த மரபைச் சேர்ந்ததே அல்ல.

தமிழர்களிடம் இன்னொரு மரபும் இருந்தது, அதுவும் நம்முடையதுதான். 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் உள்ளூர் மக்களின் காணிக்கையைச் சேர்த்து மிஷனரிகளை அனுப்பியது. அனுப்பப்பட்டவரின் வீட்டைத் தாங்குவது அனுப்பியவர்களின் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. சிங்கப்பூரின் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை 1887-இல் தொடங்கியது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன் போன்ற மரபுச் சபைகளில் போதகருக்குச் சம்பளம் தருவது வழக்கமே. சம்பளம் வாங்கும் போதகரின் விசுவாசம் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை.

பவுலின் வாழ்க்கையும் ஒரே முறையில் ஓடவில்லை. கொரிந்துவுக்கு வந்ததும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரத் தொழில் செய்துகொண்டு ஓய்வுநாளில் மட்டும் பேசினார். மக்கெதோனியாவிலிருந்து சீலாவும் தீமோத்தேயுவும் வந்த பிறகு வசனத்திலேயே முழுக்க ஈடுபட்டார் (அப்போஸ்தலர் 18:3-5). அந்தக் காலத்தில் தம் குறைவை மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் நிறைவாக்கினார்கள் என்று அவரே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 11:9). உதவி கையில் வந்தபோது தொழிலைக் குறைத்தார், வராதபோது தொழில் செய்தார். பகுதிநேர ஊழியம் என்பது முழுநேர ஊழியத்துக்குக் கீழே உள்ள படி அல்ல. அது ஒரு காலகட்டத்தின் ஏற்பாடு.

குடும்பத்தைப் பற்றி வேதம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிடுபவர்களை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டிக்கிறார். ஊழியத்தின் பெயரால் பெற்றோரைக் கைவிடுவதற்கு நேராகவே அந்தச் சொல் பொருந்தும். தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. சிங்கப்பூர்ச் சட்டமும் இதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. 1995-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரி நடுவர் மன்றத்துக்குப் போகலாம். “நான் ஊழியத்தில் இருக்கிறேன்” என்பதற்காக அந்தக் கடமை நீங்கிவிடாது.

வேலை அனுமதியில் இருப்பவர்: முதல் ஊழியம் கடனை அடைப்பது

மிகவும் கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஏனென்றால் தவறு நடந்தால் வேலை, கடன், குடும்பம் மூன்றும் ஒரே நாளில் பாதிக்கப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஊரில் 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். சாப்பாடு, போன் போக மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்புகிறார். வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 32,500 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 18,000 போனால் கடனுக்கு 14,500 மிஞ்சும். முதல் மாத வட்டி மட்டும் 6,000. மாதம் தவறாமல் 14,500 கட்டினால் 27 மாதத்தில் கடன் தீரும்.

அவரே மாதம் 50 வெள்ளியைக் காணிக்கைக்கும் ஊழியச் செலவுக்கும் ஒதுக்கினால் கடனுக்குப் போவது 11,250 ஆகக் குறையும். அப்போது கடன் தீர 39 மாதம் ஆகும். சுமார் 42,000 ரூபாய் கூடுதலாக வட்டிக்கே போகும். ஒரு வருடம் தள்ளிப்போவது ஊரில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 50 வெள்ளி கொடுக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அந்த 50 வெள்ளியின் முழு விலை என்ன என்று தெரிந்துகொண்டு, மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். விடுதியில் வேதபாடம் நடத்துபவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால், அது ஒரு பிரசங்கத்துக்குச் சமமான உதவி.

கடனின் வட்டியைக் குறைப்பதுதான் அடுத்த வேலை. வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கி இரண்டு வட்டிக் கடனை அடைத்துவிடலாம். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு, வங்கி நகைக்கடன் பொதுவாக அதைவிட மிகக் குறைவு. ஆனால் மீட்கும் தேதியை மறந்தால் நகை ஏலத்துக்குப் போகும். அந்தத் தேதியை இங்கே இருப்பவரும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே கடன் வாங்குவது கடைசி வழியாகக்கூட இருக்க வேண்டாம். உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவரே மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். அதற்கு மேல் கடன் தொகையில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணமும், தவணை தவறும் மாதத்துக்கு 60 வெள்ளி வரை தாமதக் கட்டணமும் உண்டு. ஆ லோங் எனப்படும் உரிமம் இல்லாத வட்டிக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து கடன் தருகிறேன் என்பவர் உரிமம் பெற்றவர் அல்ல. உரிமம் பெற்றவர்களுக்கு அப்படி விளம்பரம் செய்ய அனுமதியே இல்லை.

இனி சட்டம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் அதில் குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட வேலையை மட்டுமே செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதும், பாடுவதும், நண்பர்களோடு ஜெபிப்பதும் வேலை அல்ல. ஆனால் பிரசங்கித்ததற்கும் கீபோர்டு வாசித்ததற்கும் கையில் பணம் வாங்கத் தொடங்கினால் அது வருமானம் தரும் வேலையாகப் பார்க்கப்படலாம். உரிய அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘அன்பின் காணிக்கை’ என்று உறையில் எழுதியிருப்பது காப்பாற்றாது. கொடுக்கும் சபைக்கும் இதில் பொறுப்பு உண்டு. சகோதரருக்கு நன்மை செய்வதாக நினைத்து அவருடைய வேலைக்கே உலைவைத்துவிடக் கூடாது.

விடுதியில் கூட்டம் நடத்த நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். மற்ற மதத்தவரும் தூங்கி ஓய்வெடுக்கும் இடம் அது. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி வைத்துப் பாடினால் நடப்பது சுவிசேஷத்துக்கு நேர்மாறானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தனிச் சபையாக நடத்த நினைத்தால் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 1 நவம்பர் 2022 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி சமயக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். அதனால் வெளிநாட்டு ஊழியர்கள் ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு தமிழ்ச் சபையின் கிளை ஐக்கியமாக இயங்குவதே நல்லது. சபையின் வங்கிக் கணக்கு, சபையின் மேற்பார்வை, சபையின் பெயர் மூன்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு.

“வேலையை விட்டுவிட்டு வாருங்கள், சபை பாஸ் எடுத்துத் தரும்” என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் எங்கே? விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்பது ஒப்புதல் அல்ல. இருக்கும் வேலை அனுமதி ரத்தானால் திரும்பிப் போக வேண்டியிருக்கும், கடன் மட்டும் அப்படியே இருக்கும்.

சிங்கப்பூரர், நிரந்தரவாசி: சபை தரும் பணம் எந்தப் பெயரில் வருகிறது?

ஒரே தொகை இரண்டு பெயரில் வந்தால் வீட்டில் என்ன வேறுபாடு என்று பாருங்கள். 40 வயதுள்ள ஊழியருக்குச் சபை மாதம் 2,400 வெள்ளி தருகிறது. அதைச் சம்பளமாகத் தந்தால் மத்திய சேம நிதிக்கு, அதாவது மசேநிக்கு, சபை 17 விழுக்காடாக 408 வெள்ளி சேர்க்கும். அவருடைய பங்கு 20 விழுக்காடு, 480 வெள்ளி. கையில் வருவது 1,920. மசேநியில் சேரும் 888 வெள்ளியில், அவர் வயதுக்குரிய பங்கீட்டின்படி சாதாரணக் கணக்குக்கு 504, சிறப்புக் கணக்குக்கு 168, மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்கு 216 போகும். சாதாரணக் கணக்கில் இருக்கும் பணத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடன் தவணையைக் கட்டலாம். மருத்துவமனைக் கட்டணத்துக்கும் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதிச் சந்தாவுக்கும் மெடிசேவ் இருக்கிறது.

அதே 2,400-ஐ ‘அன்பின் காணிக்கை’ என்று உறையில் தந்தால் அன்றைக்குக் கையில் 480 வெள்ளி கூடுதலாகத் தெரியும். ஆனால் சபையின் பங்கு ஆண்டுக்கு 4,896 வெள்ளி வராமல் போகிறது. பத்து ஆண்டில், வட்டியைச் சேர்க்காமலே, அது 48,960 வெள்ளி. வீட்டுத் தவணை முழுக்கக் கைப்பணத்தில் போகும். பிள்ளைக்கு ஓர் அறுவை சிகிச்சை என்றால் மெடிசேவ் காலியாக இருக்கும். 65 வயதில் அந்த ஊழியருக்கு என்ன மிஞ்சும் என்று எந்தச் சபைக் குழுவும் அன்று உட்கார்ந்து பேசுவதில்லை.

சபையின் கட்டுப்பாட்டில், சபை சொல்லும் நேரத்தில், மாதந்தோறும் பணம் பெற்று வேலை செய்பவர் சட்டப்படி சம்பளக்காரர் என்றால், அவருக்கு மசேநி கட்டுவது சட்டக் கடமை. அது சபையின் தாராளத்தைப் பொறுத்த விஷயம் அல்ல. வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வருபவருக்கு முக்கிய வேலை நிபந்தனைகளை வேலை தொடங்கிய 14 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தில் தொகையும் தேதியும் மட்டும் போதாது. வார ஓய்வு எந்த நாள் (போதகருக்கு ஞாயிறு ஓய்வு நாள் அல்ல, வேறொரு நாள் வேண்டும்), மருத்துவ விடுப்பு எத்தனை நாள், போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது, வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்தின் தேநீர்ச் செலவு யாருடையது என்பது வரை இருக்க வேண்டும். கடைசியில் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். வாரம் இரண்டு முறை இருபது பேருக்குத் தேநீரும் பலகாரமும் என்றால் அது ஏழை வீட்டின் அரிசிப் பணம்.

ஒரே சபையில் இல்லாமல் பல இடங்களில் பேசிக் காணிக்கை பெறுபவர் சுயதொழில் செய்பவராகக் கருதப்படலாம். செலவு போக ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் மெடிசேவ் கட்ட வேண்டும். ஒரு பயிற்சி நோட்டில் தேதி, இடம், தொகை, போக்குவரத்துச் செலவு என்று நான்கு பத்தி போட்டு எழுதிவந்தால் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கணக்குக் காட்டுவது எளிது. இதைச் செய்யாதவர் இன்னொன்றையும் இழக்கிறார். குறைந்த வருமானத்தில் உழைக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரருக்கு வேலைநலன் துணை வருமானத் திட்டம் உண்டு. 2025 முதல் மாத வருமானம் 500 வெள்ளிக்குக் குறையாமலும் 3,000-க்கு மிகாமலும் இருப்பவர்கள் தகுதி பெறலாம். 60 வயதும் அதற்கு மேலும் உள்ள சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 4,900 வெள்ளி வரை கிடைக்கும். சொத்து மதிப்பு, துணையின் வருமானம் போன்ற மற்ற நிபந்தனைகளும் உள்ளன. சம்பளக்காரருக்கு மசேநி கட்டப்படுவதை வைத்தே இது தானாக வரும். சுயதொழில் செய்பவர் வருமானத்தை அறிவித்து மெடிசேவ் கட்டினால்தான் வரும். உறையில் வாங்கி எங்கும் எழுதாதவருக்கு எதுவும் வராது.

சபையால் முழுச் சம்பளம் தர முடியாவிட்டால், பாதி நாள் வேலைக்குப் பாதிச் சம்பளமும் அதற்குரிய மசேநியும் தரட்டும். முழு நாள் உழைப்பை வாங்கிக்கொண்டு பாதிப் பணம் தருவதைவிட அது நேர்மையானது. மீதி நேரத்துக்கு எந்த வேலை பொருந்தும்? பாதுகாவல் வேலையில் படிப்படியான சம்பள உயர்வு முறையின்படி 2025-இல் முழுநேர அதிகாரிக்குக் குறைந்தது 2,870 வெள்ளி. பணம் நிலையானது. ஆனால் 12 மணி நேர ஷிப்டும் சுழற்சியில் வரும் ஞாயிறும் ஆராதனையோடு மோதும். சேரும்போதே ஞாயிறு விடுப்பைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகைக் கார் ஓட்டினால் நேரம் நம் கையில் இருக்கும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கார் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், மூன்று நாள் உபவாசக் கூட்டம் என்றால் மூன்று நாள் வாடகை நட்டம். இணையத்தளச் செயலிகள் வழி ஓட்டுபவர்களுக்கு 2025 ஜனவரி முதல் வேலைக்காய இழப்பீடு உண்டு. 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மசேநி கூடுதல் பங்களிப்பு கட்டாயம், மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம். சிறிய சபை ஊழியர்களுக்கு எங்கள் பார்வையில் ஏற்றது, வாரத்துக்கு மூன்று நாள் நிலையான பகுதிநேர வேலையும் மூன்று நாள் சபையும் ஒரு நாள் ஓய்வும்தான்.

இறையியல் படிப்பு

அப்பர் புக்கித் தீமா சாலையில் உள்ள டிரினிட்டி இறையியல் கல்லூரி 1948-இலும், ஆடம் ரோட்டில் உள்ள சிங்கப்பூர் வேதாகமக் கல்லூரி 1952-இலும் தொடங்கின. முழுநேரப் பட்டம் என்றால் மூன்று, நான்கு ஆண்டுகள் சம்பளம் இல்லாத காலம். சபை அனுப்பிப் படிக்கவைத்தால் கட்டணம் ஒரு பகுதிதான். படிக்கும் காலத்தில் வீட்டுக்கு மாதம் எவ்வளவு என்பதையும் சபை முன்பே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டில் மனைவி இரண்டு வேலை பார்ப்பார், அல்லது மாணவர் படிப்பை நிறுத்துவார்.

வேலையை விட முடியாதவர்களுக்கென்றே உருவான வழி ஒன்று உண்டு. 1963-இல் குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளி, கிராமச் சபைகளின் உண்மையான தலைவர்கள் நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு நகரத்துக்கு வர முடியாததைக் கண்டு, பள்ளியையே அவர்களிடம் கொண்டுபோனது. வீட்டில் படிக்கும் பாடநூல், வாரம் ஒருமுறை ஆசிரியரோடு கூடுதல், அன்றாட ஊழியத்திலேயே பயிற்சி. விரிவாக்க இறையியல் கல்வி என்னும் இந்த முறை இந்தியாவில் டாப்டீ என்ற அமைப்பின் வழியாக 1971 முதல் நடக்கிறது, தமிழிலும் பாடங்கள் உண்டு. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் இதில் தொடங்கலாம். விடுதியில் ஐந்து பேர் சேர்ந்து படித்தால் இடையில் நின்றுபோவது குறையும். சான்றிதழ் வாங்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நாம் சேர விரும்பும் சபை இதை ஏற்குமா? சில நூறு வெள்ளிக்கு ஆறு மாதத்தில் ‘முனைவர்’ பட்டம் தருபவர்களிடம் ஏழைகளின் பணம் நிறையப் போகிறது.

தசமபாகம், ஜாமீன், வசூல்

கடனாக வாங்கிய பணம் வருமானம் அல்ல, அதில் தசமபாகம் இல்லை. ஏலச்சீட்டு எடுத்த பணத்திலும் இல்லை. ஒருவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே காணிக்கை ஏற்கப்படும் என்று பவுல் தெளிவாக எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8:12). “கடன் வாங்கியாவது விதையுங்கள்” என்று மேடையில் கேட்பவர் ஏழையின் வீட்டில் கைவைக்கிறார். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஊழியர் யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது. சபையார் அழுதுகொண்டு வந்து கேட்பார்கள், மறுப்பது கடினம். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் கடன்காரர் வருவது போதகர் வீட்டுக்கு. முடிந்தால் திருப்பிக் கேட்காத ஒரு சிறு தொகையைக் கொடுங்கள், முடியாவிட்டால் கடன் ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள்.

ஊரில் உள்ள ஆலயத்துக்கோ அனாதை இல்லத்துக்கோ இங்கே பொதுமக்களிடம் வசூலிப்பதற்கு அறப்பணி ஆணையரின் அனுமதி வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் போட்டு, பணம் அனுப்புவதற்கான சொந்த பேநவ் எண்ணைக் கொடுத்துத் திரட்டுவது நல்ல எண்ணத்தோடு செய்தாலும் சிக்கலில் முடியும். ஊழியப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால், மூன்று மாதத்தில் எது யாருடையது என்று நேர்மையானவருக்கே தெரியாது. அதைவிட ஆபத்தானது, “வெளிநாட்டிலிருந்து காணிக்கை வருகிறது, உங்கள் கணக்கில் வாங்கி மாற்றிவிடுங்கள்” என்ற கோரிக்கை. மோசடிப் பணம் கைமாறுவது இப்படித்தான். கணக்கைக் கொடுத்தவர்மீதே வழக்கு வரும்.

உதவி கேட்பதில் உள்ள தயக்கம்

ஊழியக் குடும்பங்கள் உதவி கேட்க மிகவும் தயங்குகின்றன. சபையாருக்குத் தெரிந்தால் சாட்சி கெடும் என்ற பயம். சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் என்னும் அரசாங்க நிதியுதவி கேட்பதற்கும் மதத்துக்கும் தொடர்பில்லை. அழைக்க வேண்டிய எண் 1800-222-0000. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், வருமானச் சான்று, கட்ட வேண்டிய கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். உறையில் காணிக்கை பெறுபவர் தடுமாறுவது வருமானச் சான்றில்தான். மேலே சொன்ன நான்கு பத்தி நோட்டும், பொருளாளர் கையெழுத்திட்ட சபைக் கடிதமும் அங்கே கைகொடுக்கும். பிள்ளைகளின் துணைப்பாடத்துக்குச் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது. அது 1991 முதல் இந்தியச் சமூகம் முழுவதுக்கும் சேவை செய்கிறது, கிறிஸ்தவக் குடும்பம் என்று தயங்க வேண்டியதில்லை. பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்குப் பள்ளி அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

வேலையை விடும் முன்

சபை 2,400 தருவதாகச் சொல்கிறது, இப்போதைய சம்பளம் 3,200 என்று வைத்துக்கொள்வோம். வேலையில் இருந்துகொண்டே ஆறு மாதம் 2,400-க்கான கைப்பணத்தில், அதாவது 1,920 வெள்ளியில், வீட்டை நடத்திப் பாருங்கள். இப்போது கையில் வருவது 2,560. மாதம் மிஞ்சும் 640-ஐத் தொடாமல் சேர்த்தால் ஆறு மாதத்தில் 3,840 வெள்ளி, அதாவது இரண்டு மாதக் கைச்சம்பளம், சேமிப்பாக நிற்கும். முடியவில்லை என்றால் எந்தச் செலவு இடிக்கிறது என்பது தெரியவரும். தாயாரின் டயாலிசிஸ் கட்டணமாக இருக்கலாம், ஊருக்கு அனுப்பும் தங்கையின் படிப்புப் பணமாக இருக்கலாம். அந்தச் செலவைப் பெயர் சொல்லிச் சபைக் குழுவிடம் பேசுங்கள். “கஷ்டமாக இருக்கிறது, ஜெபியுங்கள்” என்றால் ஜெபிப்பார்கள். “அம்மாவின் மருத்துவத்துக்கு மாதம் 250 குறைகிறது” என்றால் தொகை ஒதுக்க அவர்களுக்கு வழி தெரியும்.

இந்த ஆறு மாதக் கணக்கை எழுத வேண்டியவர் வீட்டை நடத்துபவர், பெரும்பாலும் மனைவி. அழைப்பு கணவருக்கு என்று சொல்லி, முடிவை மட்டும் மனைவிக்கு அறிவிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. விலைவாசி தெரிந்தவரின் கையெழுத்தில்லாத திட்டம் மூன்றாம் மாதமே கலைந்துவிடும். போதகரின் மனைவி ஓய்வுநாள் பள்ளியும் பெண்கள் ஐக்கியமும் நடத்துவார் என்று சபை எதிர்பார்த்தால், அவர் வெளியே வேலைக்குப் போகும் நாட்களைக் கழித்துத்தான் அந்தப் பொறுப்பைத் தர வேண்டும். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு தொகை நிர்ணயிக்க வேண்டும். இதையும் சபை தரும் வேலை நிபந்தனைக் கடிதத்திலேயே எழுதி, கணவனும் மனைவியும் கையெழுத்திட்டு, ஆண்டுக்கு ஒருமுறை சபையின் வரவுசெலவுக் கூட்டத்துக்கு முன் திருத்திக்கொள்ளலாம்.